மனு மேசை: முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள்

(முன்சீப் கோர்ட்டில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து, கோர்ட் அலுவலகத் தலைமை எழுத்தரான சிரஸ்தாராக ஓய்வு பெற்றவர், இப்போது நீடாமங்கலம் பக்கத்துக் கிராம நூலகம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் மேசை போட்டு உட்கார்ந்து, மனு எழுத வருகிறவர்களுக்குத் துணையிருக்கிறார். வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள் இங்கே. கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டிருக்கிறோம்.)

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். எல்லாரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். ஆபீஸ் வாசலில் ஒரு மனு எழுத 200 ரூபாய், உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல இன்னொரு 500 என்று போகிறது. எங்களில் ஒரு பெண் பி.காம். முடித்தவள். ஊர்ப் பொதுக் கட்டடத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. மனு எழுத நாங்களே ஓர் இடம் தொடங்கலாமா? வக்கீல் இல்லாமல் நடத்தினால் குற்றமாகிவிடுமா? (கொரடாச்சேரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், தங்கச்சி. உங்கள் கடிதத்தை நூலகத்தில் சத்தமாகவே வாசித்தேன். அந்த 500 ரூபாயைச் சொன்ன இடம் வந்ததும் காத்திருந்தவர்களில் மூன்று பேர் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, இன்னொருவருக்காகக் கோர்ட்டில் ஆஜராகி வழக்கு நடத்துவது வக்கீலின் வேலை. உரிமை இல்லாதவர் அதைச் செய்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. கிரயப் பத்திரம், செட்டில்மெண்ட் பத்திரம் எழுத உரிமம் வாங்கிய ஆவண எழுத்தர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கமும் கால் வைக்காதீர்கள். மற்றபடி, கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் மனு எழுதக் கறுப்புக் கோட்டு வேண்டாம்.

வக்கீல் இல்லாமலே முடிகிற காரியங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. 30 நாளில் பதில் தர வேண்டும். வீட்டுக்கு வாங்கிய கிரைண்டரோ ஃபிரிட்ஜோ நாலு மாதத்தில் கெட்டுப்போய், கடைக்காரர் கையை விரிக்கிறாரா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமே இல்லை, நீங்களே நின்று பேசலாம். ஆனால் 2 வருடத்துக்குள் போயிருக்க வேண்டும். பில்லைத் தூக்கி எறியாதவர்களுக்குத்தான் இதெல்லாம்.

இனி மேசையில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். போன ஐப்பசியில் முத்துப்பேட்டை பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதம். 2018-இல் கஜா புயலில் ஓடு பறந்த வீடு அவருடையது. நனைந்து காய்ந்த பத்திரமும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் ஒன்றோடொன்று அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தன. பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டினோம். ஒட்டியவற்றைப் பிரிக்க மெல்லிய ஸ்கேலை உள்ளே விட்டு நகர்த்தினோம். அப்புறம் தேதிவாரியாக மூன்று குவியல் போட்டோம். அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது ஒன்று, அவர் அரசாங்கத்துக்குக் கொடுத்தது ஒன்று, மற்றவை ஒன்று. நடுக்குவியல்தான் மிகச் சிறியது. ஏழு வருடத்தில் அவர் கொடுத்த மனுக்கள் பதினொன்று என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். நகல் இருந்தது இரண்டுக்கு. 'பெறப்பட்டது' என்ற முத்திரை இருந்தது ஒன்றுக்கும் இல்லை. அதாவது அந்த ஆபீஸைப் பொறுத்தவரை அந்த அம்மா ஏழு வருடமாக எதுவுமே கேட்கவில்லை. எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மேசையின் முதல் வேலை எழுதுவது இல்லை, அடுக்குவது. ஆளுக்கொரு கவர், மேலே பெயர், உள்ளே தேதிவாரியாகக் காகிதம். அதுவே பாதி வேலை.

மனுவை அவர்களே எழுதட்டும். உங்கள் பி.காம். பெண்ணுக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவள் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவாள், அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, 'என்ன நடந்தது, என்றைக்கு நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும்' என்று மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வருகிற பதிலை அப்படியே எழுதினால் மனு வந்துவிடும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டி, 'இதுதானே சொன்னீர்கள்' என்று கேட்டுவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். அந்த முத்துப்பேட்டை அம்மா 'சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து இந்த ஏழையின் மீது' என்று ஆரம்பித்தார். வாசலில் எழுதிக்கொடுத்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாசகம். அதை அடித்துவிட்டு, 'என் வீட்டுமனைக்கான பட்டா இன்னார் பெயரில் தவறாக இருக்கிறது, திருத்தித் தர வேண்டும்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

பிறகு இரண்டு பிரதி. ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த ஆபீஸ் படியை விட்டு இறங்கக் கூடாது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண்ணோடு ஒப்புகை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். தபாலில் ஒப்புகையோடு அனுப்பி, தபால் ரசீதை நகலோடு பின் அடித்து வையுங்கள். ஒரு நீள நோட்டில் தேதி, பெயர், எந்த ஆபீஸ், பதிவு எண், அடுத்து பார்க்க வேண்டிய நாள் என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையா? அதே மனுவைத் திரும்ப எழுதாதீர்கள். '...தேதியிட்ட என் மனுவின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, கோப்பின் நகல் வேண்டும்' என்று பொதுத் தகவல் அலுவலருக்கு அந்த 10 ரூபாய் மனுவைப் போடுங்கள். தூங்குகிற கோப்பு இதற்கு எழுந்துவிடுவதை எங்கள் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டால், பதில் தர வேண்டிய கெடு முடிந்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை.

காசு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மனுவுக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள், 20 ரூபாய்கூட வேண்டாம். மனுவுக்குக் காசு என்று வந்துவிட்டால், ஒரு மனுவில் முடிகிறதை மூன்றாக்கச் சொல்லும் அந்தக் காசு. வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களும் ஒரு காலத்தில் உதவிக்குத்தான் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மேசைக்குத் தாள், கவர், ஸ்டாம்ப், பேனா எல்லாம் சேர்த்து மாதம் 300 ரூபாய்க்குள் முடிகிறது. குழுவில் ஆளுக்கு 25 ரூபாய் போட்டால் 12 பேருக்கு அது வந்துவிடும். ஜெராக்ஸ், தபால் செலவை மட்டும் வருகிறவர்களே கட்டட்டும்.

நீங்கள் கைவைக்கவே கூடாத காகிதங்களும் உண்டு. கோர்ட் சம்மன், போலீஸ் வழக்கு, சமரசம் என்று கையெழுத்துக் கேட்டு நீட்டுகிற தாள், கெடு தேதி போட்ட எந்த நோட்டீஸும். இவை வந்தால் அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு, இலவச சட்ட உதவி தருகிற வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். அது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். உங்களில் இரண்டு பேர் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி எடுக்கலாம். 2009-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம் அது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். உங்கள் மேசையின் முதல் மனு அதுவாகவே இருக்கட்டும், முத்திரையோடு.

கேள்வி: எனக்கு வயது 74. வீட்டையும் 40 குழி கொல்லையையும் மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடமாக ஒரு வேளைச் சோறுகூடப் போடவில்லை. கேஸ் போட வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. (பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு பெரியவர்)

பதில்: ஐயா, உங்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. இந்த மனுவை விசாரிப்பவர் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். வக்கீல் அமர்த்த வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம், உங்களால் முடியாவிட்டால் நீங்கள் சொல்கிற ஒருவர் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை போட அவருக்கு அதிகாரம் உண்டு.

செட்டில்மெண்ட்டை ரத்து செய்ய அதே சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு கொடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் பத்திரத்தை எடுத்து, மகன் உங்களைக் கவனித்துக்கொள்வதாக எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் உங்களிடம் இல்லையென்றால் சார்பதிவாளர் ஆபீஸில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் மனதை விட வேண்டாம். அந்த நேரத்தில் மகன் தனியாக எழுதிக் கொடுத்த தாள் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். இந்தச் சட்டம் முதியோரைக் காப்பதற்காக வந்தது, அதைத் தாராளமாகவே பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் சொன்னது. அங்கேயும் மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஒன்று இருந்தது.

மனுவில் இரண்டையும் கேளுங்கள், பராமரிப்புத் தொகையும் ரத்தும். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. அதில் பேசுங்கள், ஐயா. ஊரார் என்ன சொல்வார்கள் என்று பட்டினி கிடக்காதீர்கள்.

கேள்வி: இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் நடத்துவார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர். கடன் வாங்கியாவது தனி வக்கீல் வைக்கலாம் என்கிறார். உண்மையா? (நன்னிலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அக்கறையாக நடத்துகிறவரும் உண்டு, அசட்டையாக நடத்துகிறவரும் உண்டு. காசு கொடுத்து வைக்கிற இடத்திலும் அப்படித்தான். 33 வருடம் கோர்ட் கட்டடத்துக்குள் இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். நியமித்த வக்கீல் வாய்தாவுக்கு வரவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அவரை நியமித்த சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலேயே புகார் கொடுங்கள்.

1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் உங்களுக்கு இலவச வக்கீலை உரிமையாகவே கொடுத்திருக்கிறது, தயவாக இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் புயலில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். தொலைபேசியில் கேட்க 15100.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1991-இல் என் அக்கா வீட்டுக்காரர் மேல் ஒரு புரோநோட்டுக் கடனுக்காக வழக்கு. சம்மன் வந்தது. அத்தான் அதை மடித்து எரவாணத்தில் செருகிவிட்டார். கோர்ட்டுக்குப் போனால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதிக் கடனை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார். அதைச் சொல்ல ஆள் போகாததால் முழுத் தொகைக்கும் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பானது. அந்த மாதிரித் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போடலாம். அதுவும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கோர்ட் ஊழியரான அமீனா வந்து உழவு மாடு இரண்டையும் ஜப்தி செய்துகொண்டு போனார். விவசாயி பிழைப்புக்கு அவசியமான உழவு மாட்டையும் கலப்பையையும் விதை நெல்லையும் ஜப்தியிலிருந்து விலக்கி வைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இருக்கிறது. போய்க் கேட்டிருந்தால் மாடு திரும்பியிருக்கும்.

அப்போது நான் வேறோர் ஊர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். தினமும் அந்தச் சட்டப் பிரிவுகளைத்தான் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். 'வேலைக்குப் போகிற பிள்ளை, உனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை' என்றாள் அக்கா, எல்லாம் முடிந்த பிறகு. அவள் வீட்டுத் தொழுவத்தில் முளைக்குச்சி மட்டும் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால், அம்மா, கடன் வாங்காதீர்கள். முதலில் இலவச வக்கீலைப் போய்ப் பாருங்கள். வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு எச்சரிக்கை. அங்கே சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, மனசுக்குச் சம்மதமானால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பயிர் வைக்கிறேன், எல்லாம் வாய்ப்பேச்சுதான். இப்போது நிலத்துக்காரர் பிள்ளைகள் 'வரும் குறுவைக்கு இறங்காதே' என்கிறார்கள். நெல்லாக அளந்ததற்கு ரசீது இல்லை. (திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: தம்பி, வாய்ப்பேச்சுக் குத்தகையையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. 1952-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின் 1955-இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தம் வெளிப்படையாக இருந்தாலும் நடத்தையில் தெரிந்தாலும் சரி என்கிறது. ஆனால் நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ வயலில் உடலுழைப்புப் போட்டிருக்க வேண்டும்.

உங்கள் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு மனு தாலுகா ஆபீஸில். ரசீது இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். உரம் வாங்கிய பில், கொள்முதல் நிலையத்தில் உங்கள் பெயரில் நெல் போட்ட சீட்டு, பயிர்க் காப்பீடு கட்டியது, வி.ஏ.ஓ. கொடுத்த சாகுபடிச் சான்று, பக்கத்து வயல்காரர்களின் சாட்சி. இனிமேல் குத்தகையை மணியார்டரிலோ வங்கி வழியாகவோ கட்டுங்கள். வாங்க மறுத்தால், மறுத்ததற்கான தாளே உங்களுக்குச் சாட்சி.

வெளியேற்ற வேண்டுமானால் அவர்கள் வருவாய் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், வரப்பில் நின்று சொன்னால் ஆகாது. ஆனால் குத்தகைப் பாக்கி இருந்தால் அது அவர்களுக்கு வழியாகிவிடும், முதலில் அதை அடையுங்கள். கோயில் நிலமாக இருந்தால் வேறு விதிகள் வரும், அதைத் தெளிவாக எழுதி மறுபடி கேளுங்கள். இது மனு மேசையோடு முடிகிற விஷயம் இல்லை. நாற்று விடுவதற்கு முன்னாலேயே சட்டப்பணிகள் குழுவில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: வாய்தா தேதி தெரிந்துகொள்ளவே ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா? (வலங்கைமானிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு. உங்கள் வழக்குக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடத்தில் சி.என்.ஆர். எண் என்று ஒன்று இருக்கும். வக்கீலிடம் கேட்டு வாங்கி, வீட்டு நாள்காட்டியின் மேல் அட்டையிலேயே எழுதி வையுங்கள். இ-கோர்ட்ஸ் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த தேதியும், போன தடவை என்ன நடந்தது என்பதும் வரும். பள்ளிக்கூடம் போகிற பேத்தி இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள். தேதி தெரிந்த பிறகு மட்டும் பஸ் ஏறுங்கள்.

கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன மாதம் இரண்டு பேர் அசல் பத்திரத்தையே கவரில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதுவும் சாதாரணத் தபாலில். இரண்டையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டோம். நகல் மட்டும் அனுப்புங்கள்.